சிவக்காத அலுமினியம்

இன்று என் கணவரின் ஊன்றுகோலில் நானே ஓட்டை போட்டுவிட்டேன்.

அலுமினியக் குழாயில் சின்ன வெடிப்புத்தான். சுன்னாகத்து வெல்டிங் கடையில், "உந்த மெல்லிசுக் குழாயை நாங்கள் தொடமாட்டம் அக்கா" என்று திருப்பிவிட்டார்கள். அதனால்தான் வீடியோ பார்த்து, என் அண்ணையின் பட்டறையில், மெல்லிய உலோகத்தையும் ஒட்டக்கூடிய டிக் வெல்டிங் பழகினேன்.

பழகியது இரும்புத் தகட்டில். இரும்பு சிவந்ததும் கையை எடுத்துவிடலாம்.

இன்று முருகனை நினைத்துக்கொண்டு ஊன்றுகோலில் கை வைத்தேன். சிவக்கட்டும் என்று காத்திருந்தேன். அலுமினியம் சிவக்கவே இல்லை. நிறம் மாறாமலே இருந்து, சட்டென்று உருகி உள்ளே விழுந்துவிட்டது.

ஒற்றைக் காலோடு பட்டறை வாசலில் கதிரையில் இருந்த கணவர் கேட்டார்.

"சரிவந்துதோ?"

குழாயைக் காட்டினேன்.

"அப்ப வெள்ளிக்கிழமை கோயிலுக்கு?"

"என்ரை தோளைப் பிடிச்சுக்கொண்டு வாங்கோ."

"சனம் பாக்கும்."

"பாக்கட்டுமன்."

"நீ போய் வா. எனக்கும் சேத்துக் கும்பிடு."

விபூதியை மட்டும் கொண்டுவந்து கொடுக்க எனக்கு மனமில்லை.

அலுமினியம் உருகப்போவதை எதைப் பார்த்து அறிவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். "புதுசு வாங்குங்கோ" என்று எழுத வருபவர்களுக்கு ஒன்று: எங்கள் வீட்டுக் கணக்கை எழுதுபவளும் நான்தான்.