லொறியில் ஏற்றக்கூடிய பூந்தோட்டம்

எங்கள் முற்றத்தில் ஒரு பூஞ்செடிகூட இல்லை என்பது ஒன்பது வயதில் எனக்குப் பெரிய மானப் பிரச்சினையாக இருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து வன்னிக்குக் குடியேறி மூன்று வருடமாகியும், ஒரு போகத்தில் காய்த்து முடிகிற கத்தரி, மிளகாய் தவிர வேறெதையும் வளவில் நட அம்மா விடவில்லை. ஐயா தென்னம்பிள்ளை வைக்கக் கேட்டதற்கும் அதே பதில்தான். ஊரில் அம்மாவின் சீதன வீடு பூட்டிக் கிடந்தது. அதன் திறப்புக்கொத்து அவர் சேலைத் தலைப்பில் முடிந்திருந்தது. அடுத்த வருடம் திரும்பிவிடுவோம் என்று ஒவ்வொரு வருடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் அடம்பிடித்தேன். ஒருநாள் மத்தியானச் சோற்றையும் வேண்டாமென்றேன். பின்னேரம் பசி தாங்காமல் குசினி வாசலில் போய் நின்றபோது அம்மா ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தார்.

"நிலத்திலை வைக்கக்கூடாது. திரும்பிப் போகேக்கை லொறியிலை ஏத்தக்கூடிய ஏதாவதுக்குள்ளை வைச்சுத் துலையுங்கோ."

சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஐயா சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். சனிக்கிழமை காலை வண்டிலைப் பூட்டிக்கொண்டு காட்டுப் பக்கம் போனவர், உள்ளே கோறை விழுந்து குழாய்போல் வெறுமையான பாலைமரக் குற்றி ஒன்றோடு வந்தார். நானும் அண்ணனும் கைகோர்த்தாலும் அதைக் கட்டிப்பிடிக்க முடியாது. பக்கத்து வளவுக்காரர் இருவரும் ஐயாவும் தடி கொடுத்து நெம்பி, காடு வெட்டும்போது விட்டுவைத்த வீரை மரத்தின் கீழே அதை நிமிர்த்தினார்கள். அது நிலத்தில் இறங்கியபோது என் உள்ளங்கால் அதிர்ந்தது.

அம்மா இடுப்பில் கைவைத்துப் பார்த்தார். "இஞ்சாருங்கோ, இதை எந்த லொறியிலை ஏத்திறது?"

"அது போகேக்கை பாப்பம்" என்று ஐயா வேர்வையைத் துடைத்தார். ஐயாவுக்குப் பாரம் பற்றி ஒன்றுமே தெரியாது என்று நான் அவருக்காக வெட்கப்பட்டேன்.

அடியும் திறந்திருந்ததால் தேங்காய்ப் பொச்சுமட்டைகளை உள்ளே வைத்து அடைத்தோம். வாய்க்கால் வண்டலையும் ஆட்டெருவையும் அள்ளி அள்ளிப் போட்டோம். அந்த முற்றத்தில் வெயில் விழாது என்பதால் நிழலில் வளர்கிறவைதான் வேண்டும். மாங்குளம் ஸ்ரேசன் மாஸ்டரிடம் ஐயா கேட்டு வாங்கிய குரோட்டன் தடிகள் ஈரச்சாக்கில் இருந்தன. வாய்க்கால் கரையிலிருந்து சுருள் இலைப் பன்னமும் சிவப்புப் புள்ளிச் சேம்பும் நாங்கள் கிண்டி வந்தோம். எதை நடுவில் வைப்பது என்று எனக்கும் அண்ணனுக்கும் சண்டை முற்றியபோது, பார்த்துக்கொண்டிருந்த அம்மா பொறுக்கமாட்டாமல் வந்து, உயரமாக வளரும் குரோட்டனை நடுவில் ஊன்றி, பன்னத்தை விளிம்போரம் வைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு போனார்.

வேர் விட்டிருக்கிறதா என்று தினமும் பிடுங்கிப் பார்த்ததில் ஒரு குரோட்டன் என் கையாலேயே செத்தது. மற்றது துளிர்த்த அன்று வாய்க்கால் நெடுகிலும் ஓடி வளவு வளவாகச் சொன்னேன். அவ்வளவு சந்தோஷம்.

அடுத்த மாரியில் மழைவெள்ளம் குற்றியின் அடியை அரித்திருந்தது. பள்ளிக்கூடம் போகப் புறப்பட்டவள் அதைக் கண்டேன். பொச்சுமட்டையைத் துளைத்துக்கொண்டு, என் விரல் தடிப்பில் குரோட்டனின் வேர் ஒன்று நேரே நிலத்துக்குள் இறங்கியிருந்தது. அம்மாவின் நிபந்தனை மீறப்பட்டுவிட்டது. கண்டால் தோண்டி எறியச் சொல்வார். அம்மா வந்தபோது சட்டையை விரித்துக்கொண்டு முன்னால் நின்றேன்.

அம்மா என்னை விலத்திவிட்டுக் குனிந்தார். கனநேரம் பார்த்தார். பிறகு ஈர மண்ணைக் காலால் தள்ளி வேரை மூடி, கையால் தட்டி இறுக்கினார்.

"ஐயாட்டைச் சொல்லாதை" என்றார்.

குரோட்டன் தப்பிய குதூகலத்தில் பள்ளிக்கூடம் வரை துள்ளிக்கொண்டு போனேன். ஆனால் ஐயா கேட்டால் சந்தோஷப்படத்தானே செய்வார், அவரிடம் போய் ஏன் அதை மறைக்க வேண்டும் என்பது மட்டும் எனக்கு விளங்கவேயில்லை.