கடப்பில் தட்டிய கார்

எங்கள் ஊர்ப்பக்கம் கல்யாணம் முடிந்தால் பெண் எங்கும் போவதில்லை. மாப்பிள்ளைதான் வருவார். பெண்ணைப் பெற்றவர்கள் ஒரு வீட்டைக் கட்டி மகள் பெயருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, அதே வளவில் ஒரு சின்ன வீட்டுக்கு ஒதுங்கிக்கொள்வார்கள். என் வாப்பாவும் உம்மாவும் அப்படித்தான் ஒதுங்கினார்கள். என் கணவர் சாய்ந்தமருதுக் கடற்கரைப் பக்கமிருந்து, ஒரு பெட்டி உடுப்போடும் ஒரு பழைய இங்கிலீஸ் காரோடும் வந்து சேர்ந்தார்.

அந்தக் கார் நல்ல கார்தான், ஆனால் உயரம். தரையில் எதையோ மிதித்துவிட்டுச் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிற பொம்பளை மாதிரி நிற்கும். எனக்கு அது ஒரு குறையாகவே படவில்லை. அவருக்குப் பட்டது. எழுபதுகளின் கடைசியில் கொழும்புத் துறைமுகத்தை இறக்குமதிக்குத் திறந்துவிட்டார்கள். ஜப்பான் கார்கள் வந்து இறங்கின. கந்தோர் வேலையாகக் கொழும்புக்குப் போய்வந்த நாளெல்லாம், அவை எவ்வளவு பதிவாக, தரையோடு தரையாக ஓடுகின்றன என்று சோறு ஆறும்வரை சொல்லிக்கொண்டிருப்பார். தன் காரையும் பதிக்க வேண்டும் என்ற எண்ணம் அப்படித்தான் அவருக்குள் போனது. போன எண்ணம் பிறகு வெளியே வரவில்லை.

புது ஸ்பிரிங் வாங்குகிற வசதி எங்களுக்கு இல்லை. கொழும்பில், பஞ்சிகாவத்தையில் பழைய சாமான் விற்கிற கடைகளில் ஏறி இறங்கி, எங்கோ அடிபட்டு நொறுங்கிய ஒரு ஜப்பான் காரின் முன்பக்கச் சுருள் ஸ்பிரிங் இரண்டைத் தேடிப் பிடித்தார். நம்முடையதைவிடக் கட்டை. அதைச் சாக்கில் சுற்றி, இரவு பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். எனக்கு வாங்கி வந்த சேலை பஸ்ஸின் கூரையில் வந்தது. பின்பக்கத்துக்கு வாங்க ஒன்றும் தேவையில்லை என்றார். அங்கே இருப்பது ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய இரும்புப் பட்டைகள். இரண்டை உருவினால் கார் தானாகப் பதியும்.

வேலை நடந்தது மாமியின் வளவில், அதாவது என் கணவரின் உம்மா வீட்டில். கராஜ்காரர் அந்த வீட்டுக்கு அடுத்த வேலி. இவருக்குச் சின்ன வயதுக் கூட்டாளியும்கூட. கூலிக்குப் பதிலாகப் பழைய ஸ்பிரிங்கை அவரே எடுத்துக்கொண்டார். அது அந்தக் கிழமையே அக்கரைப்பற்றில் யாருடைய காருக்கோ ஏறிவிட்டது. உருவிய பட்டைகளைக் கத்தி அடிக்கிற ஒருவர் வந்து வாங்கிப் போனார். ஆக, பதித்த காரை இனி உயர்த்த நினைத்தாலும் ஒன்றும் மிச்சமில்லை. மலிவாகச் செய்கிற வேலையில் திரும்பி வர வழி விடுவதில்லை என்று நான் அப்போதுதான் படித்தேன்.

பின்னேரம், அஸர் தொழுகை முடிந்த நேரம் அவர் காரோடு வந்தார். எங்கள் வீட்டுக்கு வருகிற சின்ன ஒழுங்கையில் இருந்த சனமெல்லாம் வேலிக்கு மேலால் பார்த்தது. உண்மையைச் சொன்னால், அழகாகத்தான் இருந்தது. எனக்கும் ஒரு பெருமை வந்தது. வளவு வாசல் கடப்பைத் திறந்துவிட நானே ஓடினேன்.

எங்கள் வீடு ஊரின் மேற்கில், வயல்களுக்குக் கிட்ட. மாரி மழைக்கு வயல் வெள்ளம் ஒழுங்கைக்கு ஏறிவிடும். அதனால் வாப்பா கடப்பின் குறுக்கே, ஒரு சாண் உயரத்துக்குச் சீமெந்தால் ஒரு திட்டுக் கட்டியிருந்தார். அதைத் தாண்டி ஒரு மாரியிலும் எங்கள் வளவுக்குள் தண்ணீர் வந்தது கிடையாது. பழைய உயரத்தில் கார் இந்தத் திட்டை மெல்ல ஏறி இறங்கிவிடும். இப்போது முன்சில்லு ஏறி இறங்கியது. அதற்குப் பிறகு வயிறு திட்டில் இருந்துவிட்டது. முன்னுக்கும் இல்லை, பின்னுக்கும் இல்லை. இரும்பு சீமெந்தில் உரசிய சத்தத்தில் வாப்பா சின்ன வீட்டிலிருந்து வெளியே வந்து பார்த்துவிட்டு உள்ளே போனார்.

ஒழுங்கைச் சனம் சேர்ந்து தூக்கிப் பின்னால் தள்ளியது. பலகை போட்டுப் பார்த்தார்கள், மண் கொட்டிப் பார்த்தார்கள், வயிறு தட்டிக்கொண்டேயிருந்தது. நீர்ப்பாசனக் கந்தோரில் படம் வரைகிறவர் என் கணவர். எந்த வாய்க்கால் எந்த மதகைவிட எவ்வளவு பதிவு என்று அளப்பதுதான் மாதச் சம்பளம். அளந்து பார்க்கவில்லையா என்று கேட்டேன். அளந்தாராம். எங்கே என்று கேட்டேன்.

“உம்மாட கடப்புல,” என்றார்.

கடற்கரை மணலில் மாமியின் கடப்புக்குத் திட்டு எதற்கு? மழை பெய்தால் மணல் குடித்துவிடும். இத்தனை காலம் என்னோடு இருந்து, இந்தக் கடப்பால் நாளைக்கு நாலுதரம் போய்வந்த மனிதர், தன் கார் போகிற வாசலை அளக்க வேண்டி வந்தபோது அங்கே போய் அளந்திருக்கிறார். கார் தட்டியதைவிட அது எனக்குப் பெரிதாகத் தட்டியது. அந்தக் கோபத்தில் இருக்கும்போதுதான், இந்தத் திட்டைக் கொஞ்சம் உடைத்தால் சரி என்று அவர் சொன்னார்.

“வாப்பா கட்டின திட்டு. அத உடைக்க உடமாட்டன்,” என்றேன்.

ஒழுங்கையில் ஆட்கள் நிற்கிறார்கள் என்பதையும் பாராமல் சொன்னேன். அவர் காரைத் திருப்பிக்கொண்டு மாமி வீட்டுக்குப் போய் அங்கே விட்டுவிட்டு நடந்து வந்தார்.

அன்று தொடங்கியது. காலையில் இங்கிருந்து நடந்து மாமி வீட்டுக்குப் போவார்; அங்கிருந்து காரில் கல்முனைக் கந்தோருக்கு. பின்னேரம் காரை அங்கே விட்டால் ஒரு தேத்தண்ணி குடிக்காமல் வர முடியுமா? தேத்தண்ணியோடு கொஞ்சம் கதை. கதையோடு சில நாள் சோறு. மீனும் அங்கே கடற்கரையில் நல்ல மீன். இங்கே வந்து, பசியில்லை என்பார். நான் மூடி வைத்த சோற்றுக் கோப்பையைத் திறக்காமலே எடுத்து வைப்பேன்.

எங்கள் ஊரில் புருஷன் பெண்சாதி பிரிவது சத்தம் போட்டு நடப்பதில்லை. மாப்பிள்ளை உம்மா வீட்டுக்குப் போவார். ஒரு நாள் அங்கே படுப்பார். பிறகு ஒரு நாள் வராமல் விடுவார். அவ்வளவுதான். அதனால் சனம் மனிதனைப் பார்க்காது, அவன் வாகனம் எங்கே நிற்கிறது என்று பார்க்கும். கார் ஏன் அங்கே நிற்கிறது என்று கிணற்றடியில் ஒருத்தி கேட்டாள். எஞ்சினில் ஏதோ கோளாறு என்றேன். மாதக் கணக்கில் கோளாறா என்று அவள் கேட்கவில்லை, சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகுதான் பயம் வந்தது. கார் அங்கேயே நின்றுவிட்டால் இவரும் அங்கேயே நின்றுவிடுவார் என்று பயந்தேன். ஆனாலும், திட்டை உடையுங்கள் என்று என் வாயால் சொல்ல மனம் இடம் தரவில்லை.

அப்போதுதான் அவருடைய தங்கச்சிக்குக் கல்யாணம் பொருந்தி வந்தது. மாமியின் வீடு தங்கச்சிக்கென்று எப்போதோ முடிவான வீடு. வெள்ளையடித்தார்கள், வேலி மாற்றினார்கள், பந்தல் போட வளவைத் துப்புரவாக்கினார்கள். வருகிற மாப்பிள்ளை சும்மா ஆள் இல்லை, சொந்தமாக மோட்டார் சைக்கிள் வைத்திருக்கிறவர். அதை நிறுத்த இடம் வேண்டும். மாமி மகனைக் கூப்பிட்டு, மெதுவாகத்தானாம், அந்தக் காரை எடுத்துவிடச் சொல்லியிருக்கிறார்.

மாமி அப்படிச் சொன்னது எனக்கு அப்போது தெரியாது. மத்தியானம், லுகர் தொழுகைக்குப் பிறகு கறிக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தவள், எஞ்சின் சத்தம் கேட்டு ஜன்னலால் பார்த்தேன். கடப்புக்கு வெளியே, ஒழுங்கை ஓரம், வேலியோடு வேலியாகக் காரை நிறுத்தியிருந்தார். எஞ்சினையும் நிற்பாட்டிவிட்டார். ஆனால் இறங்கவில்லை. ஸ்டியரிங்கில் கையை வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார். வெயில் கொதித்தது, ஆள் அசையவில்லை.

பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் எனக்கு விளங்கியது. பிறந்த வீடு தங்கச்சிக்குப் போய்விட்டது. இருக்கிற வீடு என் பெயரில். அவர் பெயர் எழுதியிருப்பது அந்தக் காரின் பதிவுப் புத்தகத்தில் மட்டும்தான். தன்னுடையது என்று இருக்கிற ஒரே சாமானை நாலு பேர் பார்க்க அழகுபடுத்திப் பார்த்த மனிதர் அதற்குள்ளேயே இருக்கிறார். அதைக் கொண்டுபோய் நிறுத்த ஒரு வளவில்லை. நாங்கள் பெண்கள், வீடு இல்லாமல் ஒரு நாளும் இருந்ததில்லை. அது எப்படி இருக்கும் என்று யோசிக்க வேண்டிய தேவையே எங்களுக்கு வந்ததில்லை. இப்போது யோசித்தேன்.

வாப்பா குழி தோண்டுகிற இரும்பு அலவாங்கு கோழிக்கூட்டுக்குப் பின்னால் கிடந்தது. முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு, பகல் வெளிச்சத்தில், கடப்பைத் திறந்து திட்டில் ஒரு போடு போட்டேன். சீமெந்து கொஞ்சமும் அசையவில்லை, கைதான் அதிர்ந்தது. வாப்பா கட்டினால் அப்படித்தான் கட்டுவார். திரும்பவும் போட்டேன். நாலைந்து போட்டுக்குப் பிறகு ஒரு சில்லறைத் துண்டு பெயர்ந்தது. அந்தச் சத்தத்துக்கு வாப்பா வெளியே வந்தார். என் கை நின்றுவிட்டது. அவர் திட்டைப் பார்த்தார், வெளியே நின்ற காரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“அந்தக் கரையில கம்பி வச்சிருக்கன். அதில போடாத, அலவாங்கு மழுங்கிரும்,” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அவர் காரிலிருந்து இறங்கி வந்தார். என் கையிலிருந்து அலவாங்கை வாங்கினார். தடுக்கப்போகிறாரோ, அல்லது வீம்புக்கு முழுவதையும் உடைத்துத் தள்ளப்போகிறாரோ என்று எனக்குத் தெரியவில்லை. அவர் இரண்டும் செய்யவில்லை. திட்டுக்குப் பக்கத்தில் குந்தி, கண்ணை இடுக்கி, ஒழுங்கையையும் எங்கள் வளவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பெயர்ந்த சீமெந்துத் துண்டால் திட்டின் நடுவில் இரண்டு கோடு கீறினார்.

“நடுவால மட்டும் வெட்டினாப் போதும். சில்லு ரெண்டும் மேலால ஏறும், வயிறு இதுக்குள்ளால போகும். முழுக்க உடைச்சா மாரிக்கு ஊட்டுக்குள்ள தண்ணி வந்திரும்.”

வெட்டின இடத்துக்கு என்ன செய்வது என்று கேட்டேன். மழைக்கு மதகு அடைக்கிற மாதிரி ஒரு பலகை போடலாம் என்றார். சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு வெட்டத் தொடங்கினார். நான் துண்டுகளை அள்ளி ஓரத்தில் போட்டேன். வேலிக்கு மேலால் பார்த்தவர்கள் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அஸர் பாங்கு சொல்லும்போது கார் உள்ளே வந்தது. தட்டவில்லை. இறங்கியதும் காருக்குக் கீழே குனிந்து பார்ப்பார், கையால் தடவுவார் என்று நினைத்தேன். அவர் காரைப் பார்க்கவே இல்லை. வீட்டைச் சுற்றி நடந்தார். குசினிக்குப் பின்னால், கிணற்றடியில், மறுபக்கச் சுவரோரம் என்று ஒவ்வொரு இடமாக நின்று காலால் மண்ணை அழுத்திப் பார்த்தார். அவர் அதிகம் போகாத பக்கங்கள் அவை. நான் பின்னாலேயே போனேன்.

குசினிச் சுவருக்குக் கிட்ட வந்து நின்றார். “இந்தப் பக்கம் நல்லாப் பதிஞ்சி கிடக்கு,” என்றார். “மாரிக்கு முந்தி ரெண்டு வண்டில் மண் போடணும்.”

 போடுவோம் என்று தலையை ஆட்டினேன்.