பைக்குள் சங்கரா

ராயபுரம் டீக்கடையில் என் கை நடுங்கி, டம்ளர் கடகடத்தது. பார்க்கின்சன் உபயம். சட்டென்று டீயை மேசையில் வைத்துவிட்டுக் கையைப் பேன்ட் பைக்குள் ஒளித்தேன்.

பிலோமினா அத்தைக்கும் இதே நோய். காசிமேட்டில், ஐஸும் கவிச்சியும் மணக்கும் அவளது மீன்கடையில்தான் என் பள்ளி விடுமுறைகள் கழிந்தன. அத்தை வாலைப் பிடித்துத் தூக்கினால் செத்த சங்கரா மீனும் துள்ளும்.

"இன்னாமே, கை இந்த ஆட்டம் ஆடுது?"

"கை இல்ல நைனா, மீனு! இன்னும் உசுரு கீது, எடுத்துக்கினு போ!"

கேட்டவர் சிரித்தபடி வாங்கிப் போவார்.

"இன்னா மாமு, டீ ஆறுது பாரு," என்றார் டீக்கடைக்காரர்.

ஊரையே கிண்டலடிக்கும் என் வாயில் அத்தையின் பதில் வரவில்லை. கூச்சத்தில் காது சுட, "வயிறு சரியில்லபா," என்று ஒரு பாவமும் அறியாத வயிற்றின் மேல் பழிபோட்டேன்.

பைக்குள் சங்கரா துள்ளிக்கொண்டிருந்தது.