மூன்று மணிக்குக் கதவைத் திறப்பவர்

இதில் ஒரு வரிகூட நான் கற்பனை செய்து எழுதவில்லை. தேதி, நேரம் எல்லாம் என் கைப்பேசியில் இன்னும் இருக்கின்றன. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். பேய் என்றால் நள்ளிரவு, நாய் ஊளை, மின்சாரம் போவது என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். எனக்கு நடந்ததெல்லாம் பட்டப்பகலில். பிற்பகல் மூன்று மணிக்கு. பிரிக்பீல்ட்ஸில், கீழே பூக்கடையில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தபோது.

என் பெயர் லோகேஸ்வரி. வயது நாற்பத்தேழு. பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டின் முதல் மாடியில் இருந்த டிராவல்ஸில் பதினேழு வருடம் டிக்கெட் போடும் வேலை பார்த்தேன். பள்ளி விடுமுறை வந்துவிட்டால் படிக்கட்டு வரை ஆட்கள் நிற்பார்கள். லங்காவி, கேமரன் மலை, பழனி, காசி... எங்கே போவதென்றாலும் எங்களிடம்தான் வருவார்கள். மேனேஜர் ராதாகிருஷ்ணன் சார் தானே எழுந்து போய்க் கதவைத் திறப்பார். பெயர் கேட்பார். உட்கார வைப்பார். "அவங்க லீவுக்குப் போறாங்க லா. சந்தோஷமா அனுப்பி வைக்கணும்" என்று எங்களிடம் சொல்வார்.

பிறகு எல்லாம் கைப்பேசிக்குள் போய்விட்டது. விமானம், ஹோட்டல் எல்லாவற்றையும் மக்கள் தாங்களே பார்த்துக்கொண்டார்கள். மிச்சமிருந்த உயிரைக் கொரோனா எடுத்துக்கொண்டது. 2020 ஜூனில் கடையை மூடினோம். அதற்கப்புறம் சாருக்கு நான் ஒரு போன்கூடச் செய்யவில்லை. மறு வருடம் யாரோ, "அவரு போய்ட்டாராம்" என்றார்கள். அப்போதும் நான் விசாரிக்கவில்லை. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் உண்மை.

கட்டட உரிமையாளர் எங்கள் ஆபீஸை உடைத்து, கட்டில், ஏர்கோன், சின்ன அடுப்பு எல்லாம் வைத்து, சுற்றுலா வருபவர்கள் தங்கும் வீடாக மாற்றினார். பார்த்துக்கொள்ள என்னையே கூப்பிட்டார். என் மேசை இருந்த இடத்தில் இப்போது இரட்டைக் கட்டில். வேலை சுலபம். யாரையும் பார்க்கவே வேண்டாம். ஆப்பில் பதிவு செய்பவர்களுக்கு நான் கதவின் எண்ணை அனுப்புவேன். அவர்கள் எண்ணை அழுத்தி உள்ளே போவார்கள். செக்-இன் மூன்று மணி. இப்படி முகமே தெரியாமல் முந்நூறு குடும்பங்கள் வந்து போயின.

2024 டிசம்பர் 3. பினாங்கிலிருந்து வந்த ஒரு தம்பதி ரிவியூ எழுதியிருந்தார்கள். வீடு சுத்தம். கதவைத் திறந்துவிட்ட அங்கிள் ரொம்ப அன்பானவர்.

எந்த அங்கிள்?

வேறு வீட்டுக்கு எழுத வேண்டியதை இங்கே எழுதிவிட்டார்கள் என்று நினைத்தேன். 7ஆம் தேதி சிங்கப்பூர்க்காரர் ஒருவர் எழுதினார். அங்கிளுக்கு நன்றி. 11ஆம் தேதி கொரியப் பெண் ஒருத்தி. அங்கிள் என் பெட்டியைத் தூக்கி வைத்தார், அவருக்கு டிப்ஸ் கொடுக்க மறந்துவிட்டேன், மன்னியுங்கள்...

பூட்டின் கணக்கை ஆப்பில் எடுத்துப் பார்த்தேன். யாரும் எண்ணை அழுத்தவே இல்லை. ஆனால் அவர்கள் ஒவ்வொருவரும் வந்திறங்கிய நாளில் கதவு திறந்திருக்கிறது. 3:04. 3:07. 3:02. மூன்றுக்கும் பக்கத்தில் ஒரே குறிப்பு.

உள்ளிருந்து திறக்கப்பட்டது.

உரிமையாளருக்குப் போன் செய்தேன். "பூட்டு கெட்டுப் போச்சு லா, மாத்திடு" என்றார். மாற்றினேன். எனக்கு அப்போது பேய் நினைப்பெல்லாம் இல்லை. யாரோ திருட்டுத்தனமாக உள்ளே இருக்கிறான் என்ற பயம்தான். சின்னப் பிள்ளைகளோடு குடும்பங்கள் வந்து தங்குகிற இடம்.

16ஆம் தேதி நானே போனேன். 2:30க்குக் காலியான வீட்டை முழுக்கப் பார்த்தேன். கட்டிலுக்கு அடியில்கூட. பிறகு வெளியே வந்து கதவைப் பூட்டிவிட்டு, கீழே படிக்கட்டு ஆரம்பிக்கும் இடத்திலேயே நின்றேன். அந்த மாடிக்கு வேறு வழி கிடையாது. யாரும் ஏறவில்லை.

3:08க்கு ஜொகூரிலிருந்து சிந்துஜா என்ற பெண் கணவரோடும் மகளோடும் வந்தாள். எண்ணைச் சொல்லி மேலே அனுப்பினேன். கீழேயிருந்து காதைக் கூர்மையாக்கிக்கொண்டு நின்றேன்.

எண் அழுத்தும் சத்தம் வரவில்லை.

கிளிக்...

கதவு திறந்தது.

ஓடினேன். சிந்துஜா சிரித்த முகத்தோடு பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அங்கிள் உங்க அப்பாவா?"

"எந்த அங்கிள்மா?"

"இப்பதான் கதவு திறந்துவிட்டாரு. வெள்ளைச் சட்டை. பாக்கெட்ல மூணு பேனா. பாத்ரூம் பக்கம் போனாரு."

பாத்ரூமில் யாரும் இல்லை. ஜன்னலுக்கு இரும்புக் கிரில். பூட்டியபடியே இருந்தது.

"ஏதாவது சொன்னாரா?"

"பேரு கேட்டாரு. அப்புறம் 'ஐசி கார்டு, பாஸ்போர்ட் எல்லாம் ஒரு தடவ தொட்டுப் பாத்துக்குங்க'ன்னாரு. பாவம், நல்ல மனுஷன்."

தொட்டுப் பாத்துக்குங்க... பதினேழு வருடம், தினமும், ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் ராதாகிருஷ்ணன் சார் சொன்ன வார்த்தை அது.

குழாய் உடைந்துவிட்டது என்று பொய் சொல்லி அந்தக் குடும்பத்தை வேறு இடத்துக்கு மாற்றினேன். விடுமுறைக் கூட்டத்தில் இடம் கிடைக்க இரண்டு மணி நேரம் ஆனது. அந்த இரண்டு மணி நேரமும் என் முதுகுக்குப் பின்னால் யாரோ நிற்பது போலவே இருந்தது.

டிசம்பர் 19, வியாழக்கிழமை. சுங்கை பூலோவிலிருந்து ஒரு பூசாரியை வரச் சொன்னேன். அது உள்ளே வருவதற்குள், மூன்று மணிக்கு முன்னாலேயே வாசலுக்கு மந்திரக்கட்டுப் போட்டுவிட வேண்டும் என்று சொல்லியிருந்தேன். சாலை நெரிசலில் மாட்டிக்கொண்டார். அவர் வந்தபோது மணி 3:20. எலுமிச்சம்பழம் அறுத்தார். திருநீறு போட்டார். ஓர் இரும்பு ஆணியை எடுத்தார்.

"உள்ள யாரும் இல்லையே மா?"

"யாரும் இல்ல சாமி."

வாசல் நிலையில் ஆணியை அடித்தார். "இனிமே எதுவும் இந்த வாசலத் தாண்டாது" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். நான் கதவைப் பூட்டிவிட்டு இரண்டு படி இறங்கியிருப்பேன்.

டொக்... டொக்... டொக்...

உள்ளேயிருந்து.

திரும்பிப் பார்க்காமல் ஓடிவந்துவிட்டேன். காரில் உட்கார்ந்ததும் கைப்பேசி அதிர்ந்தது. பூட்டின் செய்தி.

3:58. உள்ளிருந்து திறக்க முயற்சி.

3:59. உள்ளிருந்து திறக்க முயற்சி.

4:00...

அந்தச் செய்தி நிற்கவே இல்லை. பகலிலும் வந்தது, விடியற்காலையிலும் வந்தது. பதிவுகளை எல்லாம் நிறுத்தி வைத்தேன். செய்தி வராதபடி அமைப்பை மாற்றினேன். ஆனாலும் ஆப்பைத் திறந்து பார்க்காமல் இருக்க முடியவில்லை. சாப்பிடும்போது பார்ப்பேன். கோயிலில் நிற்கும்போது பார்ப்பேன். எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. நாற்பது. நூறு. ஆயிரத்தையும் தாண்டியது...

சார் எந்தத் தேதியில் இறந்தார் என்று தெரிந்தால் அந்தத் திதிக்கு ஏதாவது செய்யலாம் என்று தோன்றியது. 28ஆம் தேதி பழைய கைப்பேசியைத் தேடி எடுத்தேன். அதில் அவர் மகள் மாதவியின் எண் இருந்தது. கிள்ளானில் இருக்கிறாள். பிற்பகல் 2:15க்கு அழைத்தேன். தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன்.

"யாரு சொன்னா அப்பா செத்துட்டாருன்னு?" என்றாள் மாதவி. "அப்பா இருக்காரு அக்கா."

சாருக்கு இரண்டு வருடம் முன்னால் பக்கவாதம். படுத்த படுக்கை. பேச்சும் போய்விட்டது. மாதவி மெதுவாகச் சொன்னாள். "இந்த மாசம் ஆரம்பத்துலருந்து மூணு மணியானா தூங்குவாரு அக்கா. தூக்கம்னா... மூச்சு இருக்கான்னு கை வெச்சுப் பாக்கணும். நாலு மணிக்கு முழிப்பாரு. முகத்துல அப்படி ஒரு சந்தோஷம்."

"இப்ப எப்படி இருக்காரு?"

"போன வியாழக்கிழமைக்கு முந்தின வியாழன் மூணு மணிக்குத் தூங்குனாரு. இன்னும் முழிக்கல. டாக்டருக்கும் ஒண்ணும் புரியல."

நான் சாரை உள்ளே வைத்துப் பூட்டியிருக்கிறேன்.

எப்படிப் பிரிக்பீல்ட்ஸ் போய்ச் சேர்ந்தேன் என்று நினைவில்லை. காரில் கிடந்த திருப்புளியால் ஆணியை நெம்பினேன். கை கிழிந்தது. 4:26க்கு ஆணி வந்தது. கதவைத் திறந்தேன்.

உள்ளே யாரும் இல்லை. போர்வை மட்டும் ஒரு பக்கம் அமுங்கியிருந்தது. யாரோ உட்கார்ந்திருப்பது போல.

"சார்... என்னை மன்னிச்சிருங்க. வாங்க. வீட்டுக்குப் போலாம்."

அமுங்கியிருந்த போர்வை மெல்ல நிமிர்ந்தது.

படி இறங்கினேன். பின்னால் காலடிச் சத்தம். சார் எப்போதும் தோல் சப்பாத்து போடுகிறவர். நிதானமாக, டக்... டக்... என்று நடப்பார். இது வேகமாக வந்தது. வெறுங்கால் சத்தம். அந்த நேரத்தில் எனக்கு எதையும் யோசிக்கத் தோன்றவில்லை.

பக்கத்து இருக்கையின் கதவைத் திறந்துவிட்டுக் காத்திருந்தேன். மூடினேன். வண்டியை எடுத்தேன்.

டிங்... டிங்... டிங்...

பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் பெல்ட் போடவில்லை என்று என் கார் சொன்னது.

பக்கத்து இருக்கையில் ஒன்றுமே இல்லை. என் கைப்பைகூடப் பின்னால்தான் இருந்தது.

ஃபெடரல் ஹைவே முழுக்க விடுமுறை நெரிசல். சுபாங் வரை அந்தச் சத்தம். ஷா ஆலம் வரை அந்தச் சத்தம். நான் நேரே சாலையை மட்டும் பார்த்தேன். "சார், கிட்ட வந்துட்டோம் சார்" என்று ஏதேதோ பேசிக்கொண்டே ஓட்டினேன். இடது தோளில் மட்டும் குளிர்ந்தது. ஈரத்துணியை வைத்தது போல.

5:51. கிள்ளான். மாதவி வீட்டு கேட்.

பிரேக் போட்டேன். இயந்திரத்தை இன்னும் நிறுத்தவில்லை.

டிங்... சத்தம் நின்றது.

வீட்டுக்குள்ளிருந்து மாதவி கத்தினாள்.

"அக்கா! அப்பா கண்ணு முழிச்சிட்டாரு!"

நான் ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதேன். உள்ளே போய்ப் பார்த்தேன். சார் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இரண்டு வருடமாக அசையாத கை அசைந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். என்னால் அதிக நேரம் அங்கே நிற்க முடியவில்லை. ஏன் என்று அன்று புரியவில்லை.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். பூட்டின் செய்தியும் நின்றுவிட்டது. உரிமையாளர் மறுபடியும் வீட்டைப் பதிவுக்குத் திறந்துவிட்டார். நான் தடுக்கவில்லை.

ஜனவரி 6. காலை 10:40க்கு மாதவி போன் செய்தாள். குரல் ரொம்பச் சின்னதாக இருந்தது.

"அப்பா நல்லா நடக்கறாரு அக்கா. பேச்சும் வந்துருச்சு."

"நல்ல விஷயம்தானே மா?"

"என் பேரு தெரியல அவருக்கு. அம்மா படத்தப் பாத்து இது யாருன்னு கேக்கறாரு. இடது கையால சாப்பிடறாரு..."

அவள் குரலை இன்னும் தாழ்த்தினாள்.

"நாள் முழுக்கக் கண்ணாடி முன்னாலதான் நிக்கறாரு அக்கா. முகத்தைத் தொட்டுத் தொட்டுப் பாக்கறாரு. சிரிக்கறாரு."

அன்று படிக்கட்டில் என் பின்னால் வந்த வெறுங்கால் சத்தம் நினைவுக்கு வந்தது.

அன்று பிற்பகல் 3:06. ஈப்போவிலிருந்து வந்த குடும்பம் செக்-இன் செய்யும் நேரம். கைப்பேசி அதிர்ந்தது. அவர்களிடமிருந்து ஒரு செய்தி. அதை நான் இன்னும் அழிக்கவில்லை.

"அக்கா, வந்து சேந்துட்டோம். கதவு திறந்துவிட்ட அங்கிளுக்கு ரொம்ப தேங்க்ஸ். பாவம், ரொம்பக் களைச்சுப் போயிருக்காரு. கிள்ளானுக்குப் போற வேன் எப்ப வரும்னு உங்ககிட்ட கேக்கச் சொன்னாரு."