நாங்கள் எங்கும் போகாத தசரா லீவு

திருப்பதியில் மகளின் லீவு புராஜெக்டுக்காக மைதா பசை காய்ச்சினேன். அந்த வாசனை என்னை ரேணிகுண்டா ரயில்வே குவார்ட்டர்ஸுக்கே கொண்டுபோய்விட்டது. இப்போது இடித்துத் தள்ளிவிட்ட அந்த வரிசை வீடுகளில், தசரா லீவு முடிந்ததும் பிள்ளைகள் எல்லோரும் போய்வந்த ஊரை அட்டையிலும் களிமண்ணிலும் செய்து வேப்பமரத்தடியில் வைப்பார்கள். மெட்ராஸ் பீச் வரும், காணிப்பாக்கம் கோயில் வரும்.

அப்பாவை நாங்கள் நைனா என்போம்; அவருக்கு ஸ்டேஷனில் கொடி காட்டும் வேலை. பண்டிகையில்தான் திருப்பதிக்குப் போய்வருகிற கூட்டம் அதிகம் என்பதால் அவருக்கு லீவே கிடைக்காது. "நீ எந்த ஊர வெப்பே?" என்று ஒரு வருஷம் பக்கத்து வீட்டு சுஜாதா கேட்டபோது எனக்கு அழுகை முட்டியது. பிறகு, நைனாவுக்குச் சோறு கொண்டுபோய் லீவெல்லாம் நான் உட்கார்ந்து கிடந்த பிளாட்பாரத்தையே செய்தேன்: தீப்பெட்டி ரயில், மொட்டைத் தலைகளில் சந்தனம், லட்டுப் பையை அணைத்துக்கொண்டு தூங்குகிறவர்கள், இட்லிக் கூடைக்காரர், பச்சைக் கொடியோடு நைனா.

"ஏய், நம்ம இட்லி அண்ணன்டா!" என்று கத்திக்கொண்டு எல்லோரும் அதையே சூழ்ந்தார்கள். டியூட்டி முடிந்து வந்த நைனா குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"ஊரே லீவுக்கு நம்மகிட்டதாம்மா வந்துக்கினு இருந்திருக்குது. நாம எங்க போறது?" என்று சிரித்தவர், அம்மாவைக் கையோடு இட்டுவர வீட்டுக்கு ஓடினார்.