விட்டதைச் சொல்ல ஊரில்லை

அயர்லாந்தில் நான் வசிக்கும் கார்க் நகரத்து மதுக்கூடங்களில் தேநீரும் கிடைக்கும். சிறு பீங்கான் குடுவையில் தேநீர், தனியாகப் பால், தட்டோரத்தில் ஒரு பிஸ்கட். பகலில் மழைக்கு ஒதுங்கும் வயதானவர்கள் அதைக் குடித்துக்கொண்டிருந்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. வெள்ளிக்கிழமை மாலை அலுவலகக் கும்பலோடு போய் அதே தேநீரைக் கேட்டால் மட்டும் மேசை அமைதியாகிவிடும். நான் முதன்முதலில் கேட்ட அன்று, உடன் வேலை செய்யும் ஷிவான் என் பக்கம் சாய்ந்து, கண்ணெல்லாம் கனிவாக, "ஹவ் ஃபார் அலாங் ஆர் யூ?" என்றாள். திங்கட்கிழமை தரவேண்டிய அறிக்கையைப் பற்றிக் கேட்கிறாள் என்று நினைத்து, "பாதி முடிந்துவிட்டது" என்றேன். அவள் பார்வை என் வயிற்றுக்கு இறங்கியபோதுதான், எத்தனை மாதம் என்று கேட்கிறாள் என்பது விளங்கியது. இந்த ஊரில் ஒரு பெண் குடிக்கவில்லை என்றால் அவள் கர்ப்பமாக இருக்க வேண்டும்.

நான் குடிக்கக் கற்றுக்கொண்டதே இங்கேதான். திருவண்ணாமலையில், செங்கம் ரோட்டில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து கிளம்பி வந்தபோது மதுவின் வாசனைகூட எனக்குச் சரியாகத் தெரியாது. மருந்து தயாரிக்கும் ஆலை ஒன்றின் தரப்பரிசோதனைப் பிரிவில் வேலை. வந்த சில மாதங்களிலேயே ஒன்று புரிந்தது: யாருக்கு எந்தப் பொறுப்பு என்பது வெள்ளிக்கிழமை மேசையில் முடிவாகும், திங்கட்கிழமைக் கூட்டத்தில் அதை வாசிப்பார்கள், அவ்வளவுதான். அதனால் நானும் போய் உட்கார்ந்தேன். ஒருவர் எல்லோருக்கும் வாங்க, அடுத்தவர் வாங்க, சுற்று சுற்றாக அது போகும். நடுவில் எழுந்துபோனால் அவமரியாதை. வருடங்கள் போகப் போக வெள்ளிக்கிழமை என்ற கணக்கும் போயிற்று. மழை பெய்யும் செவ்வாய்க்கிழமையில், தனி அறையில், யாரும் வற்புறுத்தாமலே குடித்தேன். தூக்கம் கெட்டது. கூட்டங்களில் நான் பேச வேண்டிய சொல் எனக்குக் கிடைப்பதற்குள் வேறொருவர் அதைச் சொல்லி முடித்திருப்பார். ஒரு திங்கட்கிழமை என் அறிக்கையை நானே வாசித்தபோது, நானே எழுதிய ஒரு வாக்கியம் எனக்குப் புரியவில்லை. அன்றைக்கு நிறுத்தினேன். அந்த வாரம்தான் வெள்ளிக்கிழமை மேசையில் முதன்முதலாகத் தேநீர் கேட்டேன்.

எளிதாக இருக்கவில்லை. ஆனால் மெல்ல மெல்ல காலைகள் திரும்பி வந்தன. தலை தெளிந்தது. ஒரு முறை, எல்லோரும் கையெழுத்திட்டு அனுப்பிவிட்ட பரிசோதனை முடிவுகளில் ஒரு பிழையைக் கண்டுபிடித்தேன். அந்த மருந்து வெளியே போகாமல் நின்றது. குழுத் தலைவியாக்கினார்கள். வாழ்த்திய மேலாளர், "உங்கள் மதத்தில் இதெல்லாம் தடை, இல்லையா? எங்களுக்கும் அப்படி ஒன்று இருந்தால் தேவலை" என்றார். அவரோடு எத்தனையோ வெள்ளிக்கிழமைகள் உட்கார்ந்து குடித்தவள் நான். அதை மறந்துவிட்டு, நான் பட்ட பாட்டையெல்லாம் தூக்கி சாமிக்குக் கொடுத்துவிட்டார். அதன்பிறகு வெள்ளிக்கிழமை அழைப்பும் எனக்கு வருவதில்லை. குடிக்காதவளை எதற்குத் தொந்தரவு செய்வது என்ற நல்லெண்ணமாம்.

இதை வீட்டிலாவது சொல்லிக்கொள்ளலாம் என்றால், நான் குடித்ததே அங்கே யாருக்கும் தெரியாது.

என் தம்பி பிரகாஷ் குடிப்பது ஊருக்கே தெரியும். சொந்தமாகக் கார் வைத்து, சென்னை விமான நிலையத்திலிருந்து வெளிநாட்டு விருந்தினர்களை ஆசிரமப் பக்கத்து விடுதிகளுக்குக் கூட்டிவருவது அவன் தொழில். போன மழைக்காலத்தில் ஒரு அம்மாள், காருக்குள் அடித்த வாடை தாங்காமல் செஞ்சி பஸ் ஸ்டாண்டில் இறங்கி, பெட்டியோடு பஸ் ஏறி வந்து சேர்ந்திருக்கிறார். விடுதிக்காரர்கள் அவனைக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். கார்த்திகை பிறந்ததும் அவன் ஐயப்பனுக்கு மாலை போட்டான். அப்பா போனபிறகு அம்மா முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. போனில் பேசும்போதெல்லாம் "சாமி சாப்ட்டாரு, சாமி தூங்கறாரு" என்றுதான் பெற்ற பிள்ளையைச் சொன்னாள். தெருவே அவன் காலைத் தொட்டது. மாலை போட்டிருந்த நாள் முழுக்க அவன் ஒரு சொட்டு தொடவில்லை.

கிறிஸ்துமஸ் விடுமுறையில் நான் ஊருக்குப் போயிருந்தபோது அவன் ஐயப்பன் மலைக்குப் போய்விட்டுத் திரும்பினான். அம்மா கையால் மாலையைக் கழற்றினாள். அன்று சாயங்காலமே அவன் மதுக்கடைக்குப் போய்விட்டான்.

மறுநாள் காலை கீழ்பென்னாத்தூரில் இருக்கும் சித்தி வீட்டுக்கு அவன் காரில் போனோம். வழியில் நான் பேச்செடுத்தேன்.

"மாலை போட்டிருந்தப்போ இருந்தியே, அப்டியே இருக்க முடியாதா?"

"உனக்கு இன்னாக்கா தெரியும்? ஏசி ரூம்ல உக்காந்துனு பேசுவ."

"எனக்குத் தெரியும். நானும் குடிச்சேன்."

காரை ஏரிக்கரை ஓரமாக நிறுத்திவிட்டான். "நீயா? பீரா?"

"எல்லாந்தான். வுட்டு மூணு வருஷம் ஆச்சு."

என்ஜினை அணைத்தான். பிறகு சின்னப் பையனைப் போல, "எப்டிக்கா வுட்ட?" என்று கேட்டான். சொன்னேன். குடிக்கத் தோன்றும் நேரம் வந்தால் கால் வலிக்கும்வரை நடந்ததை, இனிப்பாக எதையாவது மென்றுகொண்டே இருந்ததை, குடியை விட நினைப்பவர்கள் கூடும் கூட்டத்தில் முன்பின் தெரியாதவர்கள் முன்னால் அழுததை, எல்லாவற்றையும். இத்தனை வருடத்தில் தமிழில் அதை நான் சொன்னது அதுவே முதல் முறை.

"மாலை இருந்தா முடியுதுக்கா," என்றான். "கழட்டிட்டா கை சும்மா இருக்க மாட்டேங்குது."

"மாலையா இருந்துச்சு? நீதாண்டா இருந்த."

அவன் கண் கலங்கிற்று. திரும்பி வரும்போது, "நானும் வுட்டுர்றேங்கா" என்றான். நான் நம்பினேன்.

இரண்டு நாள் அவன் வீட்டைவிட்டுப் போகவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் வாடையோடு வந்து நின்றான். அம்மா கத்தினாள். மாலை போட்ட உடம்பாடா இது, தெருவில் எப்படித் தலைகாட்டுவேன் என்று அழுதாள். அவனுக்குத் தப்பிக்க ஒரு வழி வேண்டியிருந்தது. என் பக்கம் கையைக் காட்டினான்.

"என்னியே கேளு. உன் பொண்ணு அங்க போய் நல்லா ஊத்தினு இருந்திருக்கா, அவள கேக்க மாட்ட."

அம்மா என் பக்கம் திரும்பினாள். "இன்னாடி சொல்றான் இவன்?"

"வுட்டுட்டேம்மா. இப்ப தொடறதே இல்ல."

"வுடணும்னா தொட்டிருக்கணும் இல்ல?" என்றாள் அம்மா.

அவள் அழுகை நின்றுவிட்டது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. எதிரில் தள்ளாடிக்கொண்டு நின்றவனைக் காட்டி, "இவன ஒண்ணும் சொல்ல மாட்டியா?" என்றேன்.

"அவன் ஆம்பள. இன்னைக்கு இல்லன்னா நாளைக்கு திருந்துவான். நீ இன்னா வேல பண்ணினு வந்திருக்க?"

மறுநாள் குளித்துவிட்டு சாமி விளக்கை ஏற்றப் போனேன். அம்மா தீப்பெட்டியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "நீ இரு. நான் ஏத்திக்கிறேன்." குரலில் கோபம்கூட இல்லை. கூடத்தில் பிரகாஷ் சூடான இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். தலை நிமிரவில்லை. நான் கிளம்பும் நாளில் அம்மா சொன்னது ஒன்றுதான்: "யார்கிட்டயும் வாய தொறக்காத."

அவன் இன்னும் குடிக்கிறான். வரும் கார்த்திகைக்கு மறுபடி மாலை போடப்போவதாக அம்மா இப்போதே தெருவில் சொல்லிவிட்டாளாம். எனக்கு அடுத்த பதவி உயர்வும் வந்துவிட்டது. வேலை நன்றாக நடக்கிறது, உடம்பு நன்றாக இருக்கிறது. இரண்டையும் கேட்டுச் சந்தோஷப்பட யாரும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவை வீடியோவில் அழைக்கிறேன். எடுக்கிறாள், எடுக்காமல் விட்டால் பக்கத்து வீட்டார் ஏன் என்று கேட்பார்கள். ஆனால் முகத்தைக் காட்டுவதில்லை. போனை மொட்டைமாடிச் சுவரில் சாய்த்துவைத்துவிட்டுத் துணி உலர்த்தப் போய்விடுகிறாள். ஈரச் சேலையை அவள் உதறும் சத்தம் மட்டும் கேட்கிறது. திரை முழுக்க வெயிலில் எங்கள் ஊர் மலை நிற்கிறது. என் ஜன்னலில் மழை. மலையின் ஓர் ஓரத்தை மறைத்தபடி, சின்னக் கட்டத்துக்குள், விளக்கு போட்ட அறையில் என் முகம் தெரிகிறது. அம்மா வந்து அழைப்பை நிறுத்தும்வரை நான் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.