புழு பழுத்த நாள்

டீச்சர் ஆக வேண்டும் என்று எப்போது தோன்றியது என்று என் வகுப்புப் பிள்ளைகள் கேட்டால், பட்டுப்புழு பொறுக்கிய அன்றைக்கு என்பேன். சிரிப்பார்கள். நான் விளையாட்டுக்குச் சொல்வதில்லை.

கடத்தூரிலிருந்து உள்ளே தள்ளியிருந்த எங்கள் ஊரில் மொத்தம் நாற்பது வீடுகள். அம்மா கல்யாணத்துக்கு முன்பே ஆசிரியர் பயிற்சி முடித்து, தருமபுரி வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து வைத்திருந்தாள். பதிவு மூப்புப்படிதான் வேலை வரும். மூன்று வருடத்துக்கு ஒருமுறை அட்டையைப் புதுப்பிக்க வேண்டும். நாள் தவறினால் காத்திருந்த வருடமெல்லாம் போய்விடும். மறுபடி வரிசையின் கடைசியில் நிற்க வேண்டியதுதான். அம்மா பன்னிரண்டு வருடம் காத்திருந்தாள். எனக்கு அப்போது ஒன்பது வயது. கணக்குப்படி அந்த அட்டை எனக்கு அக்கா.

எழுத்து என்று எதைக் கண்டாலும் அம்மா என்னை வாசிக்கச் சொல்வாள். உர மூட்டை, மாத்திரை அட்டை எதுவும் தப்பாது. அந்தக் கோடை லீவில் ஒருநாள் இந்த அட்டையையும் கொடுத்தாள். தேதியைத் திக்காமல் வாசித்துவிட்டு, “நாளைக்குத்தாம்மா கடைசி” என்றேன்.

“தெரியும் கண்ணு. நாளைக்கு ஒரு மணி பஸ்ஸுக்குப் போயிட்டு வந்துடுவேன்” என்றாள். வீட்டில் வளர்த்த பட்டுப்புழுவுக்கு மல்பெரித் தழை வெட்டிப் போடுவதிலேயே ஒவ்வொரு நாளாகத் தள்ளிப்போயிருந்தது. புழு பழுக்க இன்னும் இரண்டு நாள் ஆகும் என்று அப்பா சொல்லியிருந்தார்.

சூடு கூடினால் புழு சீக்கிரம் பழுத்துவிடும். வெயிலோ அப்பாவைக் கேட்டுக்கொண்டு அடிக்கவில்லை. காலையில் புழுக்கொட்டகைக்குள் போனவர் அங்கிருந்தே கத்தினார்: “முக்காவாசி பழுத்துப்போச்சு, ஓடியாங்க!”

பழுத்த புழு தழையைத் தொடாது. உடம்பு மஞ்சளாகி, தலையைத் தூக்கி இடம் தேடும். அப்போதே பொறுக்கி, சந்திரிகை என்னும் மூங்கில் தட்டில் விட வேண்டும். தாமதித்தால் தழைக் குப்பையிலேயே கூடு கட்டிவிடும். அழுக்குக் கூட்டை யாரும் வாங்க மாட்டார்கள். எங்கள் வீடு அந்தக் கூட்டை நம்பித்தான் இருந்தது. ஊர்ப் பெரியவர்களோ மாங்காய் பறிக்கும் வேலைக்குப் போய்விட்டார்கள். மிச்சமிருந்தது லீவு விட்ட பிள்ளைகள்தான்.

அம்மா தெருவுக்குப் போய்ப் பதினைந்து பேரைக் கூட்டி வந்தாள். அடுத்த வீட்டுக்காரர் கால் கொட்டகையில் படக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம், புழுவுக்கு நோய் வந்துவிடும் என்று. அப்பா முறைத்தார். அம்மா அவரைப் பார்க்கவே இல்லை. எல்லோரையும் கை கால் கழுவ வைத்து, சுண்ணாம்புத் தூளை மிதிக்க வைத்து, வரிசையில் நிறுத்தினாள்.

பிறகு இரண்டு புழுக்களை உள்ளங்கையில் ஏந்திக் காட்டினாள். “இது பழுத்தது. இது பழுக்காதது. என்னா வித்தியாசம், யாரு சொல்றீங்க?”

ஊரில் யாருக்கும் அடங்காத என் மாமா மகன் கையைத் தூக்கினான். “அது தலையத் தூக்கித் தேடுதுங்க அத்தை.”

“அதேதான்! அவனுக்கு ஒரு கை தட்டுங்க.”

அவனுக்குக் கை தட்டி நான் பார்த்ததே இல்லை. பெரிய பிள்ளைக்கு ஒரு சின்னப் பிள்ளை என்று ஜோடி சேர்த்தாள். புழுவுக்குப் பயந்து அழுத குட்டிப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்து, முதலில் தன் கையில் ஒன்றை ஊர விட்டாள். சற்று நேரத்தில் அது குட்டிப் பெண்ணின் கையில் ஊர்ந்தது, அவள் சிரித்தாள். அம்மா கைகாட்டிய இடத்தில் அப்பாவே மறுபேச்சில்லாமல் தட்டைக் கொண்டுவந்து வைத்தார். நான் வேலையை மறந்து வாயைப் பிளந்து நின்றேன். வீட்டில் குரலே எழாத என் அம்மாவா இது? இத்தனை நாள் இவள் எங்கே இருந்தாள்? பெரியவளானால் இப்படித்தான் ஆக வேண்டும் என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தேன்.

ஊர் முனையில் ஒரு மணி பஸ்ஸின் ஹாரன் கேட்டது. அதை விட்டால் ஆபீஸ் மூடுவதற்குள் தருமபுரி போய்ச் சேர வேறு பஸ் இல்லை. பாதித் தட்டுகள்தான் நிறைந்திருந்தன. நான் அம்மாவிடம் ஓடினேன். “அம்மா, இன்னிக்குத்தானே கடைசி...”

சட்டென்று என் வாயைப் பொத்தினாள். அப்பா நாலடி தள்ளித்தான் நின்றிருந்தார். “சத்தம் போடாத கண்ணு. புழு கூடு கட்டுறப்ப பேசக் கூடாது.”

இது தெரியாமல் இருந்தோமே என்று எனக்கு வெட்கமாகிவிட்டது. அப்பா தினமும் அதே கொட்டகையில் ரேடியோவை அலறவிட்டுத்தான் தழை போடுவார். அது அப்போது உறைக்கவில்லை. அவருக்குத் தேதி தெரியாது என்பதும் உறைக்கவில்லை. தெரிந்திருந்தால், கூடு போனால் போகிறது என்று அம்மாவைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போய் பஸ்ஸை மறித்திருப்பார். அப்படிப்பட்ட ஆள் அவர். அம்மா பயந்தது அதற்குத்தான்.

எங்கள் ஊரில் பஸ் திரும்பிப் புறப்படப் பத்து நிமிடம் ஆகும். அந்தப் பத்து நிமிடமும் டீச்சர் சொன்ன சொல் தட்டாத பிள்ளையாக, உதட்டை இறுக்கிக்கொண்டு புழு பொறுக்கினேன்.